சுந்தரவல்லியின் தூக்கம்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருந்தது. மணமேடையை ஒட்டி முதல் வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருத்தி மட்டும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, அத்தனை கெட்டிமேளத்துக்கும் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அரக்குப் பட்டு, கழுத்து நிறைய நகை, மூடாத கையில் அட்சதை. அவள்தான் சுந்தரவல்லி.

அந்த ஆல்பம் தியாகராய நகரில் இருந்த சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் வந்தது. பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு இந்தப் படத்தில் வந்து நின்றார்கள். "யாரு, நம்ம ஜவுளிக்கடை பொன்ராஜ் வீட்டம்மாவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சுந்தரவல்லியின் கைக்கும் ஒருநாள் ஆல்பம் வந்தது. அவள் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "படமெல்லாம் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சோம்பேறி இல்லை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்தவள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் வீடு. கணவன், கணவனின் அக்கா முத்துலட்சுமி, ஒரே மகள் வடிவு. இவர்கள் போகக் கடையில் வேலை பார்க்கும் எட்டு ஆட்களுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு அந்த அடுப்பில்தான். விடிவதற்கு முன்னே எழுந்து உலை வைக்கிறவள், கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பாயை விரிப்பாள்.

பாயை விரித்த பிறகுதான் அவளுடைய கஷ்டமே தொடங்கும். பெண்கள் படுக்கும் உள்ளறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர் வீட்டுக் கூடம் நேருக்கு நேர் தெரியும் என்று முத்துலட்சுமி அதற்கு நிரந்தரமாகக் கொக்கி போட்டிருந்தாள். காற்றாடி முன்கூடத்தில், பொன்ராஜின் தலைக்கு மேலே. மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை. படுத்த சற்று நேரத்துக்கெல்லாம் சுந்தரவல்லிக்கு நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும். வியர்வையில் பாய் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து உட்காருவாள். பக்கத்தில் படுத்திருக்கும் மைனி முத்துலட்சுமி விழித்துவிடுவாளோ என்று மறுபடி படுப்பாள். கண் மூடுகிற நேரத்தில் பால்காரன் மணி அடித்துவிடுவான்.

இப்படிப் பல வருஷம். ராத்திரி வராத தூக்கம் பகலில் வந்து அவளை அடித்துப் போட்டது. கீரை ஆய்ந்துகொண்டே தூங்கினாள். கோயில் வரிசையில் நின்றபடி தூங்கி முன்னால் இருந்தவள் முதுகில் விழுந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிய, பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கினாள். முத்துலட்சுமி அவளுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயர், பிறகு முகத்துக்கு நேரேயே வந்தது. சுந்தரவல்லி அதற்குக் கோபப்பட்டதில்லை. நிஜமாகவே தன்னிடம் ஏதோ கேவலமான குறை இருக்கிறது, மற்ற பெண்களுக்கு இல்லாத குறை, என்றுதான் அவள் நினைத்தாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கத்திரி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை. வடிவுக்கு அம்மை வந்து இறங்கியிருந்தது. கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை செய்வதாக வேண்டுதல். கோயில் நடை திறக்கிற நேரத்துக்குப் போய்விட்டு, ஆட்களின் ராத்திரிச் சமையலுக்குத் திரும்பிவிடலாம் என்று சுந்தரவல்லி ஆறு வயது வடிவைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்தது, முகத்தில் காற்று பட்டது. அவ்வளவுதான் அவளுக்கு நினைவு.

"யம்மா! இன்னா, தூங்கினு கீறியா? எறங்கு எறங்கு, வண்டி திரும்பப் போவுது."

கண்டக்டர் கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் யாருமில்லை. வெளியே மீன் கூடைகள், மணல், அதற்கப்பால் கடல். பட்டினப்பாக்கம். மடியில் அர்ச்சனைக் கூடை இருந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"எம்பிள்ள எங்க?" என்று கேட்டபோது அவளுடைய குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"எந்தப் புள்ள?"

அவள் சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தாள். கண்டக்டர் விசாரித்து, தலையில் அடித்துக்கொண்டு, "கோயில் கொளத்தாண்ட ஒரு கும்பல் எறங்குச்சு. அதோட எறங்கியிருக்கும். குந்து, இதே வண்டிதான் திரும்பப் போவுது" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "பெத்த புள்ளைய வுட்டுட்டுத் தூங்கிக்கினு வருது பார் நைனா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவர் சொன்னது சரி என்றே அவளுக்குத் தோன்றியது. குளம் வரும்வரை உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

குளத்து ஸ்டாப்பில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். கையில் பாதி கடித்த கமர்கட்டு. அவளுடைய இன்னொரு கையை, புர்காவின் முகத்திரையை விலக்கிவிட்டிருந்த நடுவயது அம்மாள் ஒருத்தி இறுகப் பிடித்திருந்தாள்.

"இன்னாம்மா நீ? கொயந்த இங்க அய்துகினு நிக்குது. எங்க போய்ட்டே?"

சுந்தரவல்லி மகளைக் கட்டிக்கொண்டு அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் சொன்னாள்.

"தூங்கிட்டேன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துத் தொங்கிய சதையைப் பார்த்தாள்.

"ராத்திரிக்குத் தூக்கம் வராதா உனக்கு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. சுந்தரவல்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த அம்மாளின் பெயர் ஜமீலுன்னிசா. வீடு பக்கத்திலேயே, கச்சேரி ரோட்டுச் சந்து ஒன்றில். "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ. இப்பிடியே போனா நீயும் எங்கனா வியுந்து கெடப்பே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கீழே ஆண்கள் இருந்ததால் நேராக மாடிக்கு ஏற்றினாள். மொட்டைமாடியில் நான்கு கயிற்றுக் கட்டில்கள் கிடந்தன. சுற்றிலும் மூங்கில் நட்டு, பழைய புடவைகளையும் போர்வைகளையும் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். மேலே திறந்த வானம். சாந்தோம் பக்கமிருந்து கடற்காற்று தடையில்லாமல் வந்தது.

"கோட வந்துட்டா நாங்க பொம்பளைங்க எல்லாம் இங்கதான் படுப்போம். ஆம்பளைங்க கீய தெருவுல போட்டுக்குவாங்க. உள்ள மன்சன் படுக்க முடியுமா?" என்றாள் ஜமீலுன்னிசா. அவளுடைய மகள் வஜீஹா எலுமிச்சைச் சாறு கொண்டு வந்து கொடுத்துவிட்டு, வடிவை மூலைக்குக் கூட்டிப்போய்ச் சோழி ஆடக் கற்றுக்கொடுத்தாள்.

சுந்தரவல்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாற்றைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். கிளம்ப வேண்டும் என்று நினைத்தாள்.

அவள் கண் விழித்தபோது இருட்டியிருந்தது. மேலே நட்சத்திரங்கள். உடம்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாத ஒரு லேசு. மார்பில் யாரோ போர்த்திவிட்ட மெல்லிய துப்பட்டி. அந்த ஒரு கணம் அவள் வாழ்நாளில் அதுவரை அறியாத சுகம். அடுத்த கணம் எல்லாம் நினைவுக்கு வந்தது. மகளைத் தொலைத்த அன்றே, அவள் கிடைத்த கையோடு, அந்நியர் வீட்டில் வந்து படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

"எய்ப்ப மனசு வரலம்மா" என்றாள் ஜமீலுன்னிசா. "செத்தவ மாரி தூங்கினே."

சுந்தரவல்லி நன்றிகூடச் சொல்லவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வடிவை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டு வாசலில் கூட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் வியாபாரம் கொழிக்கிற நேரம். பொன்ராஜ் கடையை இழுத்து மூடிவிட்டு எட்டு ஆட்களையும் எட்டுத் திசைக்கு அனுப்பியிருந்தான். கோயிலுக்கு இரண்டு பேர் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்காக அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் படியேறினாள்.

"ஏளா, எங்க போயிட்டே? என்னாச்சு?"

"பஸ்ஸு நின்னுபோச்சு. வழியில" என்றாள் சுந்தரவல்லி.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும். வடிவு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, அன்று நடந்ததிலேயே சுவாரசியமானதைச் சொல்ல ஆரம்பித்தாள். "அம்மா பஸ்ஸுல தூங்கிட்டா. நான் தனியா எறங்கிட்டேன். பொறவு அந்த அத்தை வீட்டு மாடியிலயும் அம்மா தூங்கிட்டா. நான் அக்கா கூடச் சோழி வெளையாடுனேன்."

ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சுந்தரவல்லிக்கு.

முத்துலட்சுமிதான் முதலில் பேசினாள். "பிள்ளையத் தொலைச்சுட்டு, கெடச்ச ஒடனே எவ வீட்டுலயோ போயிப் படுத்து ஒறங்கியிருக்கா. இப்படி ஒரு பொம்பளைய நான் கண்டதில்ல."

பொன்ராஜ் மாட்டிய சட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டான். "ஆளுக சாப்பிடட்டும்" என்றான். சோறு வடிக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு வடிவைத் தனியாக அவளோடு எங்கும் அனுப்பவில்லை. கடைத்தெருவுக்குக் கூட முத்துலட்சுமியே கூட்டிப்போனாள். சுந்தரவல்லி வாதாடவில்லை. ஜமீலுன்னிசா வீட்டுக்கு ஒரு தட்டுப் பழம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். எந்த முகத்தோடு போவது என்று போகாமலே இருந்துவிட்டாள். ஆனால் அந்தத் தூக்கத்தை உடம்பு மறக்கவில்லை. உள்ளறையில் கொக்கி போட்ட ஜன்னலைப் பார்த்தபடி கிடக்கும்போதெல்லாம் அந்தக் கயிற்றுக் கட்டிலும் காற்றும் நினைவுக்கு வந்தன. பசித்தவன் சோற்றை நினைப்பதுபோல் அதை நினைத்தாள். அப்படி நினைப்பதற்கும் வெட்கப்பட்டாள்.

ஒருநாள் பொன்ராஜ் சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள். "ராத்திரியில நான் மேல மாடியில படுத்துக்கிடட்டுமா?"

"எந்த மாடியில?"

"நம்ம மாடியிலதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அங்கன நம்ம ஆளுக எட்டுப் பேரு படுக்கான். அவனுகள எங்க போகச் சொல்லுத? ரோட்டுலயா?"

"உள்ள மூச்சு முட்டுது. எனக்குத் தாங்கல."

"எல்லாரும் உள்ளதான் படுக்கோம். பொன்ராஜ் பொண்டாட்டி வெட்டவெளியில படுத்துக் கெடக்கான்னு ஊரு பூரா பேசணும், அதானே? ஏற்கெனவே பேசுனது பத்தாதா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான்.

மறுவாரம் அவன் சரக்கு எடுக்க ஈரோடு போனான். அன்று சாயங்காலம் சுந்தரவல்லி சோறு, குழம்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "மைனி, ஆளுகளுக்கு நீங்க எடுத்துக் குடுத்திருங்க" என்றாள். பாயையும் தலையணையையும் இடுக்கிக்கொண்டு வெளிப்புறப் படிக்கட்டில் ஏறினாள். கடை அடைக்க இன்னும் நேரமிருந்தது. மாடி காலியாகக் கிடந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பாயை விரித்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆட்கள் வருவதற்குள் கொஞ்ச நேரம் காற்றில் கிடந்துவிட்டு இறங்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரியும்.

வெயில் முகத்தில் சுட்டபோதுதான் விழித்தாள். முந்தானை எங்கோ கிடந்தது. கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது. புடவை கெண்டைக்கால்வரை ஏறியிருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஜலஜா துணி உலர்த்திக்கொண்டே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமி, உடம்பு சரியில்லையா? அப்பவே பிடிச்சுப் பார்த்துண்டிருக்கேன், அசையவேயில்லையே! ஆத்துல சொல்லட்டுமான்னு நினைச்சேன்."

பக்கத்து மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுந்தரவல்லி பாயைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

படிக்கட்டில் ஆட்கள் கிடந்தார்கள்.

குறுகலான படி அது. திருப்பத்தில் இருந்த சிறு இடத்தில் மூன்று பேர் ஒருத்தர்மேல் ஒருத்தர் கால் போட்டுச் சுருண்டிருந்தார்கள். மற்றவர்கள் படிக்கு ஒருத்தராக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தலை தொங்கக் கிடந்தார்கள். ராத்திரி ஏறி வந்து, முதலாளியின் மனைவி படுத்திருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கியிருக்கிறார்கள். அவர்களைத் தாண்டாமல் அவளால் இறங்க முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். வளையல் சத்தத்தில் சுயம்புலிங்கம் விழித்தான். சேலைப் பகுதியில் நிற்பவன், எல்லோருக்கும் மூத்தவன், ஊரில் மனைவி மக்கள் உள்ளவன். அவன் பக்கத்தில் இருந்தவனைத் தட்ட, அவன் அடுத்தவனைத் தட்ட, எல்லோரும் எழுந்து சுவரோடு ஒட்டித் தலை குனிந்து வழி விட்டார்கள். அவள் நடுவே இறங்கினாள். சுயம்புலிங்கத்தின் கன்னத்தில் படியின் விளிம்பு ஒரு சிவந்த கோடாகப் பதிந்திருந்ததைப் பார்த்தாள்.

அன்று பகல் முழுதும் அவளுக்கு ஒரு கொட்டாவி வரவில்லை. கை வேலை தானாக நடந்தது. குழம்பு மணத்தது. வடிவு சொன்ன கதையை முழுதாகக் கேட்டாள். முத்துலட்சுமியின் ஏச்சு மட்டும் நிற்கவில்லை. "மேல தட்டட்டியில போயி வெக்கங்கெட்டுப் படுத்திருக்கா. தம்பி வரட்டும்" என்று பகலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆனது. படிக்கட்டில் கிடந்தவர்கள் கண்முன் வந்தார்கள். இன்றைக்குப் போகக்கூடாது என்று சுந்தரவல்லி முடிவு செய்தாள். முடிவு செய்துகொண்டே பாயை எடுத்தாள்.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். காலையில் இறங்கும்போது அவர்கள் எழுந்து வழி விடுவதும், அவள் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. பொன்ராஜ் ஊரில் இல்லாதபோது கடைச் சாவியை, கடையில் பங்குள்ள ஒரு பங்காளி ராத்திரி தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். அதனால் கடைக்குள் படுக்கவும் அவர்களுக்கு வழியில்லை. இரண்டு பேர் பனகல் பார்க்குக்குப் போய்ப் படுத்து, காவல்காரர் விரட்டித் திரும்பி வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களில் ஒருத்தன்கூட முத்துலட்சுமியிடம் வந்து முறையிடவில்லை.

பொன்ராஜ் வர இருந்த நாளின் மத்தியானம், சாப்பாடு எடுக்க வந்த ஆள் வாசலிலேயே நின்றான். "அக்கா, சுயம்பு அண்ணன் ஏணியிலேருந்து விழுந்துட்டாரு. கை போச்சு" என்றான். மேல்தட்டிலிருந்து வேட்டிக் கட்டு இறக்கும்போது விழுந்திருக்கிறான். வலது மணிக்கட்டு. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

சுந்தரவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கன்னத்துக் கோடுதான் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

பொன்ராஜ் ரயிலிலிருந்து இறங்கிக் கடைக்குப் போய், விஷயம் கேட்டு, சுயம்புலிங்கத்தை ஒரு ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தான். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தான். "கால் வழுக்கிட்டு மொதலாளி. வேற ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். முத்துலட்சுமி தம்பியிடம் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் சுந்தரவல்லி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"அவுக தூங்கி நாலு நாளாச்சு" என்றாள். "நான்தான் மாடியில படுத்துக்கிட்டேன். அவுக எல்லாரும் படிக்கட்டுல கெடந்தாக. தெரியாமச் செய்யல. மொத நாளே பாத்தேன். பாத்துட்டுத்தான் மறுநாளும் போயிப் படுத்தேன்."

பொன்ராஜ் அவளையே பார்த்தான். சுயம்புலிங்கம், "அக்கா, எதுக்கு இப்ப அதெல்லாம்" என்று எழுந்திருக்கப் பார்த்தான். கட்டுப்போட்ட கை சுவரில் இடித்து முகம் சுளித்து மறுபடி உட்கார்ந்தான்.

"நான் இல்லாத நேரமாப் பாத்துப் போயிருக்க" என்றான் பொன்ராஜ்.

"இருந்தா விட்டிருக்க மாட்டீக."

"அம்புட்டு முடியலையா உனக்கு?"

"முடியல" என்றாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள். "பிள்ளைய விட்டுட்டுத் தூங்குனவதானே நான். எனக்கு முடியலைன்னு சொல்லவும் வெக்கமா இருக்கு."

பொன்ராஜ் எழுந்து வெளியே போனான். படியேறும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவன் மாடிக்குப் போனது மிகக் குறைவு. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தான். நேராக உள்ளறைக்குப் போனான். அங்கே சற்று நேரம் நின்றான். சட்டை முதுகில் நனைந்து ஒட்ட வெளியே வந்தான்.

இரண்டு நாளில் சவுக்குக் கம்புகள் வந்தன. கடைக்குச் சரக்கு வரும் பேல் சாக்குகளைத் தைத்துப் பெரிய படுதாவாக்கி, மாடியின் குறுக்கே கட்டினார்கள். உள்பக்கம் பெண்களுக்கு, படிக்கட்டுப் பக்கம் ஆட்களுக்கு. பெண்கள் முன்னதாகவே ஏறிவிட வேண்டும். காலையில் ஆட்கள் முன்னதாக இறங்கிவிட வேண்டும். சுயம்புலிங்கம் கை சரியாகும்வரை ஊருக்குப் போனான்.

முதல்நாள் முத்துலட்சுமியும் தலையணையோடு ஏறி வந்தாள். "நீ ஒத்தையாப் படுத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. தொணைக்குத்தான் வாரேன். எனக்கு ஒண்ணும் இங்க ஒறக்கம் வரப்போறதில்ல" என்றாள். சுந்தரவல்லி வடிவைத் தட்டித் தூங்கவைப்பதற்குள் முத்துலட்சுமியின் குறட்டை எழுந்தது. படுதாவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முயன்று முடியாமல் இருமினார்கள். காலையில், தான் கண்ணே மூடவில்லை என்று முத்துலட்சுமி சாதித்தாள். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பாயை எடுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

அந்தக் கோடை முடிவதற்குள் சுந்தரவல்லியின் கண்ணைச் சுற்றியிருந்த கருப்பு போயிற்று. நின்றபடி தூங்குவது நின்றது. மழைக்காலத்தில் மட்டும் உள்ளே படுத்தார்கள். அப்போது பொன்ராஜே கொக்கியைக் கழற்றி ஜன்னலைத் திறந்து வைத்தான். வடிவை மறுபடி அவளோடு கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். தூங்குமூஞ்சி என்ற பெயர் தானாக வழக்கொழிந்தது.

ஆனால் எட்டுப் பேர் கால் நீட்டிப் படுத்த இடம் பாதியாகிவிட்டது. படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் புரண்டால் பக்கத்தில் இருப்பவன் நகர வேண்டும் என்பது அவளுக்குக் கேட்கும். "தள்ளுல," "எங்க தள்ள?" என்று தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அவள் தன் பாயை இன்னும் சுவரோரமாக இழுத்துக்கொள்வாள். அதனால் அவர்களுக்கு ஒரு அங்குலம்கூடக் கூடப்போவதில்லை என்று தெரிந்தும் இழுத்துக்கொள்வாள்.

சுயம்புலிங்கத்தின் எலும்பு கோணலாகக் கூடியது. திரும்பி வந்தபோது பழையபடி ஒரே வீச்சில் சேலையை விரித்துக் காட்ட அவனால் முடியவில்லை. பொன்ராஜ் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. சரக்கு சரிபார்க்கும் இடத்தில் உட்கார வைத்தான். வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேசி விற்பதில் பெருமை கொண்டவன் உள்ளே மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் சுந்தரவல்லி இலையை மட்டும் பார்ப்பாள். வருஷங்கள் போன பிறகும் அவன் முகத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று கேட்க அவளால் முடிந்ததில்லை.

எழுபத்தெட்டில் பொன்ராஜ் கோட்டூர்புரத்தில் சொந்தமாக வீடு கட்டினான். பால் காய்ச்சிய அன்று மத்தியானம் மாடியில் பந்தல் போட்டு விருந்து. ஆற்றுப் பக்கத்துக் காற்றில் இலைகள் பறக்க, தண்ணீர் டம்ளரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்கள் சிரித்தபடி சாப்பிட்டார்கள். கடைசி வரிசைக் கோடியில் சுயம்புலிங்கம். வலது கை விரல்கள் முழுதாக மடங்காததால் அவன் சோற்றைத் திரட்டி எடுக்க நேரமாகும். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுந்தரவல்லி சாம்பார் வாளியோடு வந்தாள்.

"மாடி நல்லா விசாலமா இருக்கு அக்கா" என்றான் அவன். "காத்தும் நல்லா வருது."

"ம்" என்றாள் அவள்.

அவன் கொஞ்சம் தயங்கினான். "அக்கா, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைக்கேன். அன்னைக்கு நான் தூக்கக் கலக்கத்துல விழல. ஏணிக்கு அடியில எண்ணெய் சிந்தியிருந்துச்சு. அதுல வழுக்குனதுதான். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடக் கூடாது."

ஜவுளிக்கடையில் ஏணிக்கு அடியில் எண்ணெய் எங்கிருந்து வரும் என்று அவள் கேட்கவில்லை. ஒருவேளை விளக்குக்கு ஊற்றியது சிந்தியிருக்கலாம். ஒருவேளை, இன்றைக்கு நல்ல நாள் என்று அவன் இதை யோசித்து வைத்துக் கொண்டு வந்திருக்கலாம். எது நிஜம் என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. பொய்யாக இருந்தால், அதைச் சொல்லும்படி அவனை இத்தனை வருஷம் தன் குனிந்த தலையால் வருத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல் சூடாயிற்று.

"சுயம்பு" என்றாள். அவன் நிமிர்ந்தான். அவளும் பார்வையை இலைக்கு இறக்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்ட முகம்.

"படியில கெடந்தீகளே, அது எண்ணெயில வழுக்குனது இல்லையே. நான் செஞ்சதுதானே" என்றாள்.

அவன் சோற்றில் ஒரு குழி பறித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் குனிந்து சாம்பாரை ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போடுங்கக்கா" என்றான் சுயம்புலிங்கம்.